பயிற்சியாளரின் வெற்றி: ஊழா, ஆள்வினையா?

(மகாவீரர் ஜெயந்தி விழாவையொட்டித் திருத்தணியில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

1962ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள், ஜகார்த்தா நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டியின் கால்பந்து இறுதி ஆட்டம் நடந்தது. தென்கொரிய அணியை இந்தியா 2-1 என்ற கணக்கில் வென்று தங்கம் பெற்றது. அவ்வணியை உருவாக்கிய பயிற்சியாளர் ஐதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம். தொழிலால் பள்ளி ஆசிரியர். மறுநாள் செப்டம்பர் 5. அவ்வாண்டு மே மாதம் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்றிருந்த டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணனின் பிறந்தநாளை ஆசிரியர் நாளாக நாடு முதன்முதலில் கொண்டாடியது அன்றுதான். அவர் 1888இல் பிறந்தது இந்தத் திருத்தணியில் என்பதை இவ்வூரில் எவருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஓர் ஆசிரியரின் வெற்றியும் மற்றோர் ஆசிரியரின் நாளும் இவ்வாறு அடுத்தடுத்து அமையவேண்டும் என்று எவரும் திட்டமிடவில்லை. அது தற்செயல்.

நாட்கள் அமைந்ததைத் தற்செயல் என்று தள்ளிவிடலாம். ரஹீம் பெற்ற வெற்றியையும் அவ்வாறே தள்ளிவிட இயலுமா? ஒரு பயிற்சியாளரின் வெற்றி அவருடைய திறனால் வருவதா, கொடுப்பினையால் வருவதா? விளையாட்டுத் திடலின் ஓரத்தில் நின்று இளைஞர் பேசும் பேச்சு இது. பகவானின் ஜெயந்தி விழாவில் இதற்கு என்ன இடம் என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் இதே வினாவைத்தான் இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு மகாவீரர் ஒரு குயவனிடம் கேட்டார். அந்த உரையாடலுக்குச் செல்லுமுன் ரஹீமின் வழக்கை முழுமையாகக் கேட்டுவிடுவது நல்லது.

ரஹீம் 1909இல் பிறந்தவர். ஐதராபாத்துப் பள்ளிகளில் பாடம் கற்பித்து, பின்னர் உடற்கல்வியில் தேர்ச்சி பெற்று விளையாட்டுப் பொறுப்பை ஏற்றவர். அவர் பயிற்றுவித்த ஐதராபாத் நகரக் காவல்துறை அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1951இல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் இந்தியா ஈரானை 1-0 என வென்று தங்கம் பெற்றது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்திய அணி அரையிறுதி வரை சென்று நான்காம் இடம் பெற்றது. ஆசிய நாடு ஒன்று ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதியைத் தொட்டது அதுவே முதல் முறை. அதன் பின் 1962இன் தங்கம். இன்றுவரை இந்தியக் கால்பந்து அந்த உயரத்தை மீண்டும் எட்டவில்லை.

இப்போது எதிர்வழக்காடுவோர் எழுந்து நிற்கட்டும். மெல்போர்னில் முதற்சுற்றில் இந்தியா சந்திக்க வேண்டியிருந்த அணி ஹங்கேரி. அக்காலத்தில் உலகமே அஞ்சிய கால்பந்து நாடு அது. 1956ஆம் ஆண்டு இறுதியில் அந்நாட்டில் எழுந்த கிளர்ச்சியும் சோவியத் படை நுழைவும் அவர்களது கால்பந்து அணியை மெல்போர்னுக்கு வராமல் செய்தன. இந்தியா ஆடாமலே அடுத்த சுற்றுக்குச் சென்றது. அங்கே ஆஸ்திரேலியாவை 4-2 என வென்றது. நெவில் டிசூசா மூன்று கோல் அடித்தார். அவ்வளவில் அரையிறுதி வந்துவிட்டது. புடாபெஸ்ட் தெருக்களில் நடந்த துயரம் ஐதராபாத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவரின் புகழேட்டில் ஒரு வரியைச் சேர்த்தது என்றால், அதனைத் திறன் என்று சொல்ல எவருக்கு நா எழும்?

ஜகார்த்தாவிலும் அவ்வாறே. முதல் ஆட்டத்தில் இந்தியா அதே தென்கொரியாவிடம் 2-0 எனத் தோற்றது. தாய்லாந்தை வென்ற ஆட்டத்தில் தடுப்பாட்டத்தின் தூணாகிய ஜர்னைல் சிங் தலையில் காயம்பட்டுத் தையல் போடப்பட்டவரானார். அவரைத் தடுப்பு வரிசையில் நிறுத்த இயலாத நிலையில் ரஹீம் அவரை முன்னணியில் ஆட வைத்தார். காயம்பட்ட தலையோடு ஆடிய அவர் தென்வியட்நாமுக்கு எதிரான அரையிறுதியிலும் கோல் அடித்தார். இறுதி ஆட்டத்திலும் அடித்தார். பி. கே. பானர்ஜி முதல் கோலையும் ஜர்னைல் இரண்டாம் கோலையும் போட, கோல் கம்பங்களுக்கு நடுவே நெடிய பீட்டர் தங்கராஜ் நிற்க, இந்தியா வென்றது. அந்த ஏற்பாடு பலிக்காமல் போயிருந்தால், தடுப்பாட்டக்காரரை முன்னே அனுப்பிய மதிகேடு என்று அதே செயலை நாளேடுகள் எழுதியிருக்கும். செயல் ஒன்று, விளைவு மாறினால் பெயர் மாறுகிறது. வெற்றி பெற்றால் துணிவு, தோற்றால் பிழை என்று வழங்கும் இத்தீர்ப்பு நேர்மையானதன்று.

எதிர்வழக்கின் வலிமை இன்னும் ஒன்றில் உள்ளது. முப்பத்திரண்டு பள்ளிகள் கலந்துகொள்ளும் ஒரு வெளியேற்றுமுறைப் போட்டியை எண்ணிப் பார்க்கலாம். ஆட்டமே ஆடாமல், ஒவ்வொரு சுற்றிலும் நாணயம் சுண்டி வெற்றியை முடிவு செய்வதாக வைத்துக்கொண்டாலும், ஐந்து சுற்று முடிவில் ஒரு பள்ளி ஐந்து முறையும் வென்று நிற்கும். அப்பள்ளியின் உடற்கல்வி ஆசிரியருக்கு மாலை விழும். அவருடைய பயிற்சி முறையின் மறைபொருள் என்ன என்று பத்திரிகையாளர் கேட்பர். அவரும் ஏதாவது சொல்வார். தோற்ற முப்பத்தொருவரும் அதே முறையைத்தான் கையாண்டனர் என்பதை எவரும் கேட்கமாட்டார். கால்பந்தில் இந்த ஐயம் மற்ற ஆட்டங்களைவிட மிகுதி. ஒரு கூடைப்பந்து ஆட்டத்தில் பல பத்துப் புள்ளிகள் விழுகின்றன. வல்லவன் யார் என்பது அத்தனை புள்ளிகளில் தெரிந்துவிடும். கால்பந்தில் விழுவதோ ஒன்றிரண்டு கோல். கம்பத்தில் பட்டுத் திரும்பிய ஒரு பந்து ஓராண்டு உழைப்பின் பெயரை மாற்றிவிடும்.

ஆனால் அதே கணக்கு ரஹீமுக்காகவும் பேசுகிறது. பதினாறு சமவலிமை அணிகள் ஆடும் போட்டியில் ஓர் அணி வெல்லும் வாய்ப்பு பதினாறில் ஒன்று என்றால், அதே அணி தொடர்ந்து ஐந்தாண்டு வெல்லும் வாய்ப்பு 10,48,576இல் ஒன்று. ரோவர்ஸ் கோப்பையின் ஐந்து தொடர் வெற்றிகளை வெறும் அதிர்ஷ்டத்தின் தலையில் ஏற்றினால் அதிர்ஷ்டத்துக்கே முதுகு ஒடிந்துவிடும். அந்த அணி மற்ற அணிகளுக்குச் சமமானதன்று என்பது உறுதி. எனினும் அதனை உயர்த்தியது பயிற்சியாளரா, ஐதராபாத் மண்ணில் விளைந்த ஆட்டக்காரர்களா என்பதைக் கணக்கு சொல்லாது. கோப்பைகளை எத்தனை முறை எண்ணினாலும் அது தெரியாது. கோப்பை வருவதற்கு முந்திய நாட்களில் அம்மனிதர் என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும்.

ரஹீம் செய்தவை நினைவில் இருக்கின்றன. வலக்காலால் மட்டும் ஆடப் பழகிய இளைஞருக்காக, பழகாத காலால் மட்டுமே பந்தை உதைக்கலாம் என்ற விதியோடு போட்டிகள் நடத்தினார். பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு வித்தை காட்டும் இயல்பைப் போக்க, வெட்டி ஓடுதலே கூடாது, உடனே அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்ற விதியோடும் போட்டிகள் நடத்தினார். (பந்தின் மேல் பற்று விடுதல் என்று இதற்குப் பெயரிட்டால் இந்த அவையில் எவரும் மறுக்கமாட்டார்.) நால்வர் பின்னும் இருவர் நடுவிலும் நால்வர் முன்னும் நிற்கும் ஆட்ட அமைப்பை இந்தியாவில் வேரூன்றச் செய்தார். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இந்திய அணியில் சிலர் வெறுங்காலோடு ஆடி யுகோஸ்லாவியாவிடம் 10-1 எனத் தோற்றனர். நான்காண்டு கழித்து மெல்போர்ன் அரையிறுதியில் அதே யுகோஸ்லாவியாவுக்கு எதிராக இந்தியா முதலில் ஒரு கோல் போட்டு முன்னிலை பெற்று, இறுதியில் 4-1 எனத் தோற்றது. பதிவேட்டில் இரண்டும் தோல்விதான். பத்துக்கும் நான்குக்கும் இடையே உள்ள தொலைவில் ஓர் ஆசிரியரின் நான்காண்டு உழைப்பு இருக்கிறது. கோப்பைகளை மட்டும் எண்ணுவோர்க்கு அது தென்படாது.

துளசிதாஸ் பலராமின் வரலாறு இதனினும் சிறிய செய்தி. ஆனால் இதனினும் தெளிவானது. செகந்திராபாத்துக்கு அருகே அம்முகுடாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த ஏழைச் சிறுவன் பலராம். ரஹீம் அவரது ஆட்டத்தைக் கண்டு பயிற்சிக்கு அழைத்தபோது, நாள்தோறும் வந்துபோகக் காசில்லை என்றார். வாடகை மிதிவண்டிக்காக நாளொன்றுக்கு ஒரு ரூபாயை ரஹீம் கொடுத்தார் என்று சொல்லப்படுகிறது. ஜகார்த்தாவில் தங்கம் வென்ற முன்னணி வரிசையில் பி. கே. பானர்ஜியோடும் அணித்தலைவர் சுனி கோஸ்வாமியோடும் பலராமும் இருந்தார். அச்சிறுவன் ரஹீமின் கண்ணில் பட்டது கொடுப்பினை என்றே கொள்வோர் கொள்ளலாம். அந்த ஒரு ரூபாய் கொடுப்பினை அன்று.

இனிக் குயவனிடம் செல்வோம். சுவேதாம்பர மரபின் அங்க நூல்களுள் ஒன்றாகிய உபாசகதசாவின் ஏழாம் பகுதி போலாசபுரத்துக் குயவன் சத்தாலபுத்திரனின் கதையைச் சொல்கிறது. ஐந்நூறு பானைச் சாலைகளுக்கு உரியவன். ஆசீவக நெறியைப் பின்பற்றியவன். மற்கலி கோசாலர் உரைத்த அந்நெறிக்கு நியதியே எல்லாம். முயற்சி என ஒன்று இல்லை. வெயிலில் காய்ந்துகொண்டிருந்த பானைகளைக் காட்டி, இவை எவ்வாறு உண்டாயின என்று மகாவீரர் வினவினார். மண்ணைக் குழைத்துச் சக்கரத்தில் ஏற்றிச் செய்தோம் என்றான் குயவன். முயற்சியால் ஆயினவா, முயற்சியின்றி ஆயினவா என்று பகவான் மேலும் கேட்டார். தன் கொள்கை நழுவாதபடி, முயற்சியின்றியே ஆயின, எல்லாம் முன்னரே நியமிக்கப்பட்டவை என்று அவன் விடை தந்தான். அப்படியானால் ஒருவன் வந்து இப்பானைகளை உடைத்தால், உன் மனைவியிடம் தகாது நடந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். அடிப்பேன், உயிரையும் வாங்குவேன் என்றான். முயற்சியே இல்லையென்றால் அவன் ஒன்றும் செய்யவில்லையே, அவனைத் தண்டிப்பது எங்ஙனம் என்றார் பகவான். சத்தாலபுத்திரன் தெளிந்தான்.

பகவான் அவனுக்கு உலகின் தோற்றம் பற்றிப் பாடம் நடத்தவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. பழியை வைத்துக்கொண்டு முயற்சியை மறுக்க முடியாது என்று மட்டும் காட்டினார். கால்பந்துத் திடலுக்கும் இது பொருந்தும். வென்றபோது எல்லாம் அதிர்ஷ்டம் என்று புகழைக் குறைப்போர், தோற்றபோது பயிற்சியாளரைப் பதவி நீக்கக் கோருகின்றனர். இரண்டில் ஒன்றைத்தான் அவர்கள் பிடிக்கலாம். வணிகர் மிகுந்த சமூகம் இது. ஆகையால் கசந்தாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இலாபம் வந்த ஆண்டில் தன் சாமர்த்தியம் என்றும், நட்டம் வந்த ஆண்டில் கிரகக் கோளாறு என்றும் பேரேட்டின் ஓரத்தில் எழுதாத கடை அரிது. அந்தக் குயவனுக்குப் போலாசபுரம் மட்டுமா ஊர்?

நியதியை மறுத்த பகவானின் நெறி, அதனை முற்றிலும் துரத்திவிடவும் இல்லை. ஒரு விளைவுக்குக் காலம், இயல்பு, நியதி, முன்வினை, முயற்சி என ஐந்து காரணங்கள் உண்டென்றும், இவற்றுள் ஒன்றை மட்டும் பற்றிக்கொள்வது மித்தியாத்துவம், ஐந்தையும் ஒருங்கே காண்பது சம்மியக்துவம் என்றும் சித்தசேன திவாகரரின் சன்மதி தர்க்கம் வகுத்துள்ளது. தமிழ்ச் சமணர் தம்முடையதெனப் போற்றும் திருக்குறளில் முப்பத்தெட்டாம் அதிகாரம் ஊழின் வலிமையைப் பேசுகிறது. அறுபத்திரண்டாம் அதிகாரம் தளராத முயற்சி ஊழையும் புறங்காணும் என்கிறது. வள்ளுவர் முன்பின் முரணாகப் பேசிவிட்டார் என்று எழுதியோர் உண்டு. அனேகாந்தம் அறிந்தவர்க்கு அதில் முரண் ஏதுமில்லை. ஜகார்த்தா வெற்றியில் ஐந்தும் இருந்தன: பானர்ஜி, கோஸ்வாமி, பலராம் மூவரும் ஒரே பருவத்தில் முதிர்ந்தது காலம், ஜர்னைல் சிங்கின் அஞ்சாமை இயல்பு, எதிரணிகள் அமைந்த வரிசை நியதி, பழகாத காலால் ஆடிய ஆண்டுகள் முயற்சி. முன்வினையைக் கேவலியன்றி எவர் அறிவார்?

ஐந்தும் உண்டு என்பதோடு நிறுத்தினால் வழக்கு தீராது. எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் என்பது விடையைத் தட்டிக் கழிப்பதாகும். பயிற்சியாளரை எதைக்கொண்டு அளப்பது என்ற வினா அப்படியே நிற்கிறது. அதற்கு வழிகாட்டுவது வினைகளின் பகுப்பில் எட்டாவதாக எண்ணப்படும் அந்தராய கர்மம். தடை செய்யும் வினை அது, ஐவகைப்படும். அவற்றுள் இலாபாந்தராயம் என்பது வேறு. வீரியாந்தராயம் என்பது வேறு. பெறவேண்டியதைப் பெறாதபடி தடுப்பது முன்னது. முயலும் ஆற்றலையே எழாதபடி தடுப்பது பின்னது. வேறெந்தத் தத்துவமும் இத்தனை நுட்பமாகத் தோல்வியைப் பிரித்துக் காட்டியிருக்குமா என்பது ஐயமே. வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும்: கோப்பை வரவில்லை. முயன்று பெறாதவனும் முயலாது பெறாதவனும் ஒரே வரிசையில் நிறுத்தப்படுகின்றனர்.

ஆதிநாதரின் வரலாற்றை ஸ்ரீபுராணம் வாசிக்கும் இல்லங்களில் சிறுவரும் அறிவர். துறவு பூண்ட பகவான் ஆறு திங்கள் அசையாது நின்று தவம் செய்து, பின்னர் உணவு ஏற்கப் புறப்பட்டார். மக்கள் அன்போடு வந்தனர். பொன்னும் மணியும் யானையும் குதிரையும் கன்னியரையும் கொண்டுவந்து நிறுத்தினர். துறவிக்கு உணவு அளிக்கும் முறையை உலகம் இன்னும் அறியவில்லை. மாதங்கள் கடந்தன. அத்தினபுரத்தில் சிரேயாம்ச குமாரன் முற்பிறப்பு நினைவால் அம்முறையை உணர்ந்து கரும்புச் சாறு அளித்தான். அந்நாளே அட்சய திருதியை; இவ்விழா முடிந்து மூன்று வாரத்துக்குள் நகைக்கடை வாயில்களில் கூட்டத்தைக் கூட்டும் அதே நாள். முதல் தீர்த்தங்கரரின் முயற்சியில் எவர் குறை காண்பார்? வீரியத்தில் அணுவளவும் தடையில்லை. இலாபத்தில் தடை இருந்தது. அந்த மாதங்களில் அவரை அளக்க வந்த ஒருவன் கையில் விழுந்த கவளங்களை மட்டும் எண்ணியிருந்தால், ஆதிபகவானைத் தோற்றவர் பட்டியலில் எழுதியிருப்பான்.

பயிற்சியாளரையும் இவ்வாறே பிரித்து அளத்தல் தகும். கோப்பை இலாபத்தின் பாற்பட்டது. அதில் எதிரணியின் வலிமை, நடுவரின் கண், மழை, கம்பம், புடாபெஸ்ட் எல்லாம் கலந்திருக்கின்றன. தம்மிடம் வந்த இளைஞரிடத்தில் எழாதிருந்த ஆற்றலை எழுப்பினாரா என்பதே பயிற்சியாளரிடம் கேட்கத்தக்க கேள்வி. இடக்கால் பழகாத பையன் பழகினானா? மிதிவண்டிக்குக் காசில்லாதவன் திடலுக்கு வந்தானா? முதல் ஆட்டத்தில் 2-0 எனத் தோற்ற அணி மறுவாரம் தலை நிமிர்ந்து நின்றதா? ஜகார்த்தாவில் கூட்டம் இந்தியருக்கு எதிராகக் கொந்தளித்தது. இஸ்ரேலையும் தைவானையும் போட்டிக்கு வெளியே நிறுத்தியதை இந்திய விளையாட்டு அதிகாரி ஒருவர் கண்டித்ததே அதற்குக் காரணம். ஏறத்தாழ ஒரு இலட்சம் பேரின் அக்கூச்சலிடையே பதினொருவர் தம் ஆட்டத்தை மறவாது ஆடியது கோல் கணக்கில் எழுதப்படவில்லை. எனினும் ரஹீமின் பங்கு அங்கேதான் துலங்குகிறது. இந்த அளவுகோலால் அளந்தால், இறுதி ஆட்டத்தில் இந்தியா ஒரு கோலில் தோற்றிருந்தாலும் ரஹீமின் மதிப்பு இம்மியும் குறைந்திராது.

இந்த இடத்தில் பயிற்சியாளருக்கு வரும் செருக்கையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். மண் உபாதான காரணம், குயவன் நிமித்த காரணம் என்று திகம்பர ஆசிரியர் விளக்குவர். குடமாக மாறுவது மண்ணே. குயவன் குடமாக மாறுவதில்லை. கோல் அடிப்பவன் ஆட்டக்காரன். பயிற்சியாளர் கோட்டுக்கு வெளியே நிற்பவர். உயிரும் புற்கலமும் இயங்குவதற்குத் துணையாகும் தருமாத்திகாயத்துக்கு மீனும் நீரும் உவமை சொல்லப்படும். நீர் மீனைத் தள்ளுவதில்லை. நீரின்றி மீன் நீந்துவதும் இல்லை. ரஹீம் மறைந்த மறு ஆண்டு, 1964இல், வேறொரு பயிற்சியாளரின் கீழ் இந்தியா ஆசியக் கோப்பைப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. மீன்கள் அதே மீன்கள் என்பதை அது காட்டுகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த இடமும் கைநழுவியது. நீரைப் பற்றி அது என்ன காட்டுகிறது என்பதைத் தீர்க்கமாகச் சொல்ல இயலாது, மீன்களுக்கும் வயதானது.

வினைக் கோட்பாட்டைக் கையாள்வதில் ஓர் ஆபத்து உண்டு. சமயச் சொற்பொழிவுகளில் அது அடிக்கடி நேர்கிறது. தோற்றவனைப் பார்த்து உன் வினை என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. நோயுற்றவனையும் தேர்வில் தவறியவனையும் அவ்வாறே. அந்தராயப் பகுப்பு அதற்காக அருளப்பட்டதன்று. பிறர் பெறுவதைத் தடுப்பவனுக்கே அந்தராய வினை கட்டும் என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் கருத்து. தோற்ற சிறுவனின் ஊக்கத்தை வாய்ச்சொல்லால் ஒடிப்பவன் அவனுடைய வினையை ஆராயவில்லை, தன்னுடையதைக் கட்டிக்கொள்கிறான்.

இராதாகிருஷ்ணனும் இதே வினாவோடு மல்லாடியவர். 1926இல் ஆக்ஸ்போர்டில் ஆற்றி, மறு ஆண்டு நூலாக வந்த உரைகளில், வினைக் கோட்பாட்டைச் சீட்டாட்டத்தோடு ஒப்பிட்டார்: கைக்கு வரும் சீட்டு ஆடுபவன் தெரிந்தெடுத்ததன்று, அதனைக் கொண்டு ஆடும் ஆட்டம் அவனுடையது. எழுவகை வியசனங்களுள் சூதை முதலில் வைத்து விலக்கும் சமூகத்தின் விழாவில் சீட்டை உவமையாகச் சொல்வது சிலருக்கு உறுத்தலாம். ஆக்ஸ்போர்டு அவையினருக்கு அதுவே எளிதில் விளங்கியிருக்கும். அவர் வாழ்வே அந்த உவமைக்குச் சான்று. எளிய வருவாய்த்துறை ஊழியர் ஒருவரின் மகனாக இவ்வூரில் பிறந்தவர், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் மெய்யியலை எடுத்தது ஆழ்ந்த ஆராய்ச்சியின் முடிவாக அன்று. அங்கே படித்து முடித்த உறவினர் ஒருவர் தம் மெய்யியல் பாடநூல்களைக் கொடுத்தார். புத்தகம் வாங்கும் செலவு மிச்சம். அந்த உறவினர் கணிதம் படித்திருந்தால் இந்தியத் தத்துவத்தின் வரலாறு வேறாகியிருக்கும். ஆனால் அந்நூல்களை இரவல் பெற்றவர் அவற்றைப் படித்தார் என்பதும் உண்மை. பழைய பாடநூல்கள் எத்தனையோ வீடுகளின் பரணில் கிடக்கின்றன.

திருத்தணிக்கும் சீட்டு ஒருமுறை மாற்றிப் போடப்பட்டது. 1960 மார்ச் 31 வரை இவ்வூர் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டம். ஏப்ரல் முதல் நாள் தமிழகத்தோடு சேர்ந்தது. ம. பொ. சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய போராட்டத்தின் பயன் அது, அதிர்ஷ்டம் அன்று. ஆனால் அந்நாளில் இவ்வூரில் கால்பந்து ஆடிய சிறுவன் ஒருவன் இருந்திருந்தால், அவன் எதுவுமே செய்யாமல், ரஹீமின் மாணவர்கள் ஆடிய ஆந்திர அணிக்கு உரியவனாக உறங்கி, சென்னை மாநில அணிக்கு உரியவனாக விழித்திருப்பான். எல்லைக்கோட்டுக்கு அவன் காலின் திறமை தெரியாது. இதே மண்ணில், வள்ளி பிறந்ததாகச் சொல்லும் வள்ளிமலையின் பாறையில், கங்க மன்னன் இராசமல்லன் எழுப்பிய அருகன் உருவங்கள் இருக்கின்றன. எந்த மாநிலம், எந்த மாவட்டம் என்று அவை கேட்டதில்லை.

ஊரார் பி.டி. வாத்தியார் என்று அழைக்கும் உடற்கல்வி ஆசிரியர் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கிறார். மழைக்காலத்தில் சேறாகும் திடல், கிழிந்த வலை, கணக்குப் பாடத்துக்கு வேண்டுமென்று பறிக்கப்படும் விளையாட்டு வேளை இவற்றோடு அவர் ஆடுகிறார். மாவட்டப் போட்டியில் அவருடைய அணி முதல் சுற்றில் வெளியேறினால் நிர்வாகக் குழுவில் அவரைப் பற்றிக் கேள்வி எழுகிறது. அறக்கட்டளைகள் நடத்தும் பள்ளிகளும் இதற்கு விலக்கல்ல. அடுத்த முறை அக்கேள்வி எழும்போது, கோப்பை எங்கே என்று கேட்பதற்கு முன், சென்ற ஆண்டு திடலுக்கே வராத பிள்ளைகள் எத்தனை பேர் இவ்வாண்டு வந்தனர் என்று ஒருவர் கேட்கலாம். பதிவேட்டில் அதற்கும் ஒரு பத்தி ஒதுக்குவது பெரிய செலவன்று.

ஜகார்த்தாவில் நின்றபோதே ரஹீமை நுரையீரல் புற்றுநோய் பற்றியிருந்தது. ஒன்பது மாதம் கழித்து, 1963 ஜூன் 11ஆம் நாள் அவர் காலமானார். 1960இல் ரோம் ஒலிம்பிக்குக்கு அவர் அழைத்துச் சென்ற அணியில் திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த சைமன் சுந்தர்ராஜ் இருந்தார். பெரு நாட்டிடம் 3-1 எனத் தோற்ற ஆட்டத்தில் அவ்வணி ஒரு கோல் அடித்தது. ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த கடைசிக் கோலும் அதுதான். பின்னாளில் அவரும் பயிற்சியாளரானார். 1973 டிசம்பரில் எர்ணாகுளத்தில் கேரள அணி இரயில்வே அணியை 3-2 என வென்று முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையைப் பெற்றபோது அவ்வணிக்குப் பயிற்சியளித்தவர் சுந்தர்ராஜ். அன்று மூன்று கோல்களையும் அடித்தவர் அணித்தலைவர் மணி.